நாலாவது கதவு

செப்டம்பர் 4

இந்த டைரி மோரிஸ் காரின் சொந்தக்காரர்களில் ஒருவரான சென்னை ஐயா கொடுத்தது. பழைய வருடத்து டைரி. தேதி சரியாக இருக்கும், கிழமை மட்டும் தப்பாக இருக்கும். "உனக்கு எதுக்குத்தா கிழமை?" என்றார். தலையாட்டினேன்.

கார் வேலையில் என்னென்ன செய்தோம் என்று தினமும் இதில் எழுதச் சொல்லியிருக்கிறார். பிறகு அதைப் பக்கத்து வீட்டு ஹோட்டல்காரர்கள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்களாம். சுவரில் மாட்டுவதற்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிவிட்டேன். டைரி எனக்கு.

என் பெயர் காளீஸ்வரி. பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டேன். வருகைப் பதிவு எடுக்கும்போது நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வருடக் கடைசியில் பார்த்தால் நான் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே வராமல் இருந்திருக்கிறேன். அம்மா போய்ச் சண்டை போட்டாள். என்னைக் கூப்பிட்டு, "நீ சொல்லும்மா, வந்தியா இல்லையா?" என்று கேட்டார்கள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதோடு சரி. இப்போது அம்மாவோடு சீட் கவர் கடையில் இருக்கிறேன்.

செப்டம்பர் 5

கடை என்று எழுதிவிட்டேன். கடை இல்லை, கார் ஷெட். காரைக்குடியில் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். எங்கள் ஷெட் ஒரு பெரிய வீட்டின் பின்வாசலில் இருக்கிறது. முன்பாதியில் அம்மாவின் தையல் மிஷினும் ரெக்சின் சுருள்களும். பின்பாதியில் தார்ப்பாய் போர்த்திய மோரிஸ் கார். காருக்கும் சுவருக்கும் நடுவே எங்கள் அடுப்பு, பாய், குடம்.

அப்பா உயிரோடு இருந்தபோது பழைய முதலாளி, காரைப் பார்த்துக்கொள் என்று சொல்லி இந்த இடத்தைக் கொடுத்தார். முதலாளியும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். கார் இருக்கிறது. நாங்களும் இருக்கிறோம்.

ஷெட்டின் ஓடு ஒழுகும். மழை பெய்தால் நான் காருக்குள் படுத்துக்கொள்வேன். அதுவும் ஒழுகும், ஆனால் ஓரமாக ஒழுகும்.

செப்டம்பர் 7

பழைய முதலாளிக்கு வாரிசு நாலு பேர். அண்ணன் தம்பி பிள்ளைகள், பங்காளிகள். வீட்டைப் பாகம் பிரித்தபோது காரையும் பிரித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கதவு.

பின்பக்கம் இடது கதவு சாத்தப்ப ஐயாவுக்கு. அவர்தான் மூத்தவர், இங்கேயே இருக்கிறார், எல்லாரும் அவரைப் பெரியவர் என்பார்கள். பின்பக்கம் வலது கதவு சென்னை ஐயாவுக்கு. முன்பக்கம் இடது கதவு பினாங்கு ஐயாவுக்கு. ஸ்டியரிங் பக்கத்துக் கதவு கோவை ஐயாவுக்கு. அவர்தான் இளையவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கதவு அவருடையது.

என்ஜின் பொது. பொது என்றால் யாரும் தொட மாட்டார்கள் என்று அர்த்தம். அது கடைசியாக ஓடியது நான் பிறப்பதற்கு முன்பு.

ஷெட்டும் பொது. அதனால்தான் நாங்கள் இருக்கிறோம்.

செப்டம்பர் 8

நேற்று எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன்.

ஷெட்டை இடிக்கப் போகிறார்கள். பக்கத்து வீட்டை ஹோட்டலாக மாற்றியவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும். கோவை ஐயா அலைந்து அலைந்து மற்ற மூன்று பேரையும் சம்மதிக்க வைத்துவிட்டார். நவம்பரில் படைப்புக்கு நாலு பேரும் வருகிறார்கள். படைப்பு என்றால் முன்னோருக்குப் படையல் போட்டுப் பங்காளிகள் சேர்ந்து சாப்பிடுவது. மறுநாள் காலையில் நாலு பேரும் குடும்பத்துக் காரில் ஒன்றாக ஏறி, பத்திர ஆபீசுக்குப் போய், ஒன்றாகக் கையெழுத்துப் போடுவார்கள். நாலு பேரும் நேரில் வந்தால்தான் பத்திரம் செல்லும். ஹோட்டல்காரர்கள் வீடியோ எடுப்பார்கள். 'குடும்ப ஒற்றுமை' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம்.

அதற்காகக் காரை அழகு பண்ண வேண்டும். கதவுக்கு உள்பக்கம் புது டோர் பேட், கண்ணாடிகளுக்கும் கதவுகளுக்கும் புது ரப்பர். அந்த வேலை எங்களுக்குத்தான்.

அம்மா சொன்னாள்: "நம்ம பந்தலை நம்மளே போட்டு, நம்மளே பிரிச்சுக்கிட்டுப் போகணும்கிறாக. நல்லா இருக்கு நியாயம்."

பிறகு, "சரி, வேலைன்னு வந்தா ஒழுங்காச் செய்யணும்" என்று மிஷினுக்கு எண்ணெய் விட்டாள்.

செப்டம்பர் 12

கோவை ஐயா வந்தார். ஷெட்டைப் பார்த்து, "எவ்வளவு பாரம்பரியமான இடம்!" என்றார். இடித்த பிறகு வாசலில் பித்தளையில் ஒரு பலகை வைப்பாராம். 'இங்கே ஒரு காலத்தில் ஒரு தாயும் மகளும் சீட் கவர் கடை நடத்தி வந்தனர்' என்று அதில் இருக்குமாம்.

"நாங்க எங்கங்கய்யா இருப்போம்?" என்று அம்மா கேட்டாள்.

"பலகையிலதான் இருப்பீங்களே அக்கா. போட்டோவோட. உங்களுக்கென்ன, கைத்தொழில் இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்கலாம்."

என்ஜினைப் பற்றியும் அம்மா கேட்டாள். "அது பொதுவுல்ல? வீடியோவுல என்ஜினை யாரு பாக்கப்போறா? நாலு ஆளு வெச்சுத் தள்ளிக்கலாம்" என்றார்.

அம்மா தண்ணீர் எடுக்கப் போனபோது என் பக்கம் குனிந்து, "ஏம்மா, என் கதவு மட்டும் கொஞ்சம் தனியாத் தெரியணும். நடுவுல பஞ்சு நல்லா வெச்சுப் புஸ்ஸுனு பண்ணு. அண்ணங்களுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

தலையாட்டினேன்.

செப்டம்பர் 13

பழைய டோர் பேட்களைக் கழற்றினோம். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியில் ஒரு சின்னப் பின் இருக்கிறது. அதை அழுத்தினால் கைப்பிடி கையோடு வந்துவிடும். பிறகு விளிம்பில் பட்டையான கம்பியை விட்டு நெம்பினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும். அட்டை ஈரத்தில் ஊறி அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

கதவுக்குள் வெறும் தூசி. ஒரு பல்லி முட்டை. சென்னை ஐயா போனில், "உள்ள ஏதாச்சும் இருந்துச்சா? நகை, பத்திரம்?" என்று கேட்டார். அம்மா, "பல்லிதாங்கய்யா. பொதுவா வெச்சுக்கிறீகளா?" என்றாள்.

சுவர் நோட்டில் எழுதியது: 'பழைய பேட்கள் அகற்றப்பட்டன.'

செப்டம்பர் 17

பெரியவர் பின்வாசல் வழியாக வந்தார். அம்மா இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருப்பார்.

"ஏத்தா, நான் மூத்தவன். மத்தவுக கதவை விட என் கதவு ஒரு நூலாவது ஒசத்தியா இருக்கணும். வெளிய தெரியக்கூடாது. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

தலையாட்டினேன்.

"நல்ல பிள்ளை. அதிகம் பேசாத பிள்ளை" என்றார்.

செப்டம்பர் 21

இன்று கலர். பெரியவருக்கு மெரூன். கோவை ஐயாவுக்குப் பழுப்பு. பினாங்கு ஐயாவுக்கு வெள்ளை. சென்னை ஐயா, கார் வந்த புதிதில் இருந்த கலர்தான் வேண்டும் என்று போட்டோ அனுப்பியிருக்கிறார். கறுப்பு வெள்ளை போட்டோ. வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டு, "பாத்தியாத்தா, இளம் பச்சை தெரியுதுல்ல?" என்றார்.

தலையாட்டினேன்.

எங்களிடம் இருந்தது இளம் பச்சைச் சுருள்தான். அம்மா நாலு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டாள். "ஐயா, உங்க யோசனையை வெச்சுத்தான் முடிவு பண்ணிருக்கேன். வெயில் பட்டா அப்படியே நீங்க சொன்ன கலராத் தெரியும்."

நாலு பேருக்கும் திருப்தி.

செப்டம்பர் 30

அட்டை வெட்டினோம். பழையது நெளிந்துவிட்டதால் அதை வைத்து அளவெடுக்க முடியாது. செய்தித்தாளைக் கதவில் ஒட்டி, ஓரத்தைத் தடவித் தடவிக் கோடு போட்டு, அதை அட்டையில் வைத்து வெட்டினேன். நாலு கதவும் நாலு மாதிரி. பார்த்தால் ஒன்றாகத் தெரியும், வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றதில் பொருந்தாது.

வெட்டியதும் ஈரம் ஏறாமல் இருக்க வார்னிஷ் அடித்துக் காய வைத்தேன்.

அக்டோபர் 4

பினாங்கு ஐயா வந்துவிட்டார். ரப்பர் சுருளைத் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார். விமானத்தில் கையோடு கொண்டு வந்ததாம்.

அம்மா தடவிப் பார்த்து, "ஐயா, இது கார் கதவுக்கா, கப்பலுக்கா? ரொம்பத் தடிப்பா இருக்கே" என்றாள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க ஐயா அங்க ரப்பர் தோட்டம் வெச்சிருந்தாரு. இந்த வீடு, இந்தக் கார் எல்லாம் ரப்பர்ல வந்தது. எனக்கு ரப்பரைப் பத்திச் சொல்றியா?"

"இல்லைங்கய்யா. ரப்பர் இழுக்கும்னு மட்டும் எனக்குத் தெரியும்."

அம்மா உள்ளே போன பிறகு என்னிடம், "ஆத்தா, மத்த கதவு எப்படியோ போகட்டும். என் கதவுல பொட்டுக் காத்து உள்ள வரக்கூடாது. மழைத்தண்ணி வரக்கூடாது. ரப்பரை நல்லா நெருக்கி ஒட்டு" என்றார்.

தலையாட்டினேன். இத்தோடு நாலு பேருக்கும் ஆயிற்று. சென்னை ஐயா போன வாரம் போனில் சொன்னதை எழுத மறந்துவிட்டேன். அவர் கதவில் மட்டும் ரகசியமாக ஒரு பை வேண்டுமாம், கண்ணாடிக் கூடு வைக்க.

அக்டோபர் 9

பஞ்சு ஒட்டி, ரெக்சின் இழுத்து, பின்பக்கம் மடித்துப் பசை போட்டோம். மூலையில் மடிப்பு விழாமல் இழுப்பதுதான் கஷ்டம். அம்மா என் தலையில் குட்டினாள்.

கேட்டதை எல்லாம் செய்தோம். கோவை ஐயாவுக்குப் பஞ்சு அதிகம். பெரியவருக்கு ஓரத்தில் ஒரு நூல் தடிமனில் பைப்பிங் கரை. சென்னை ஐயாவுக்குப் பை.

அக்டோபர் 12

கோவை ஐயாவும் பெரியவரும் ஒரே நேரத்தில் பார்க்க வந்துவிட்டார்கள்.

"என்னடா வயிரவா, உன் கதவு மட்டும் கர்ப்பமா இருக்கு?" என்றார் பெரியவர்.

"உங்க கதவுல கரை போட்டிருக்கு. அதை நான் கேட்டனா அண்ணே?"

"அது தையல்டா."

"இதுவும் பஞ்சுதாண்ணே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரப்பரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். போகும்போது பெரியவர் தனியாகத் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கோவை ஐயாவும் தெருமுனையில் நின்று கட்டை விரலைக் காட்டினார்.

அம்மா கேட்டாள்: "நீ யாரு கட்சிடி?"

அக்டோபர் 17

கண்ணாடி வேலை. கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் வெல்வெட் மாதிரி ஒரு பட்டை வரும். அதில் முகப் பவுடர் தூவினால் கண்ணாடி வழுக்கிக்கொண்டு போகும். கதவின் இடுப்பில், கண்ணாடி உள்ளே இறங்கும் இடத்தில், வெளிப்பக்கம் ஒரு ரப்பர் விளிம்பு. அதன் கிளிப்பைக் கதவுக்குள்ளிருந்து மாட்ட வேண்டும். அந்த ஓட்டைக்குள் அம்மாவின் கை போகாது. என் கை போகும். முழங்கை வரை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினேன். கண்ணைத் திறந்தால் மாட்ட வராது.

அக்டோபர் 18

கை முழுக்கக் கீறல். பவுடர் டப்பா தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 23

கதவைச் சுற்றி வரும் ரப்பரை ஒட்டி முடித்தேன். பழைய பசையைத் தின்னரால் துடைத்து, மேலிருந்து ஆரம்பித்து, கீழே வந்து சேர்க்க வேண்டும். ஒட்டும்போது ரப்பரை இழுக்கக்கூடாது. இழுத்து ஒட்டினால் பிறகு சுருங்கி மூலையில் இடைவெளி விடும். நான் இழுக்கவே இல்லை. பினாங்கு ஐயாவின் கதவை மட்டும் நெருக்கி ஒட்டவில்லை. நாலையும் நெருக்கி ஒட்டினேன். ஓர் ஆளுக்குச் செய்து மற்றவர்களுக்குச் செய்யாமல் விடுவது சரியில்லை.

அக்டோபர் 24

ஒரு விஷயம் நடந்தது. மூன்று கதவுகளைச் சாத்தி, கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, நாலாவதைச் சாத்தினால் சாத்தவில்லை. பொம்மென்று திரும்பி வருகிறது. பூட்டில் கோளாறு என்று நினைத்தேன். அதைப் பிடித்துச் சாத்தி வைத்து வேறு ஒரு கதவைத் திறந்தேன். இப்போது அது சாத்தவில்லை. எது கடைசியோ அது சாத்தாது.

அம்மா உள்ளே உட்கார்ந்து பார்த்தாள். "காது அடைக்குதுடி. காத்து வெளிய போக வழியில்ல. மூடி போட்ட இட்லிக் கொப்பரை மாதிரி ஆயிப்போச்சு."

முன் கதவில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அம்மா அதைத் திறந்தாள். நாலாவது கதவு ஒரு விரலால் தள்ளியதும் சாத்திக்கொண்டது.

"ரப்பர் அமுங்குற வரைக்கும் இதைத் திறந்தே வெய்யி. ஐயாமாருகிட்டயும் சொல்லிரு" என்றாள் அம்மா.

தலையாட்டினேன்.

அக்டோபர் 29

முக்கோணக் கண்ணாடி திறந்தே இருக்கிறது.

அம்மா ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தாள். கழனிவாசல் பக்கம். மிஷின் வைக்க இடமில்லை. சத்தம் வரும் என்று வீட்டுக்காரம்மா முகத்தைச் சுளித்தார்களாம். இன்னொரு இடத்தில், ஆம்பளை இல்லாத வீட்டுக்குத் தர மாட்டோம் என்றார்களாம். அம்மா வழக்கம்போலத் திட்டவில்லை. ரெக்சின் சுருள்களை நிமிர்த்தி வைத்துவிட்டு, மறுபடி சாய்த்து வைத்தாள்.

சுவர் நோட்டில் எழுதியது: 'ரப்பர் பணி இனிதே நிறைவுற்றது.'

நவம்பர் 5

சென்னை ஐயாவும் வந்துவிட்டார். நாலு பேரும் சேர்ந்து காரைச் சுற்றி வந்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் கதவை மட்டும் திறந்து மூடினார்கள். நன்றாக மூடியது. ஒவ்வொருவரும் ரகசியமாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஐயாமாரிடம் கண்ணாடியைப் பற்றிச் சொல்லிவிட்டாயா என்று அம்மா கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நவம்பர் 8

படைப்பு. பெரிய வீட்டிலிருந்து எங்களுக்கும் சாப்பாடு வந்தது. கும்மாயம் என்ற இனிப்பு நன்றாக இருந்தது. நாலு ஐயாக்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். பார்த்த சமையல் மாஸ்டருக்கே கண் கலங்கிவிட்டதாம். இத்தனை வருடத்தில் அவர் பார்த்ததில்லையாம்.

சாயங்காலம் அம்மா அடுப்பைத் தவிர எல்லாவற்றையும் கட்டினாள். அப்பாவின் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றினாள்.

நான் காரைத் துடைத்தேன். நாளைக்கு வீடியோ எடுப்பார்கள். கண்ணாடிகளைத் துடைத்தால் முழுக்க ஏற்றித்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் தூசி உள்ளே போகும். முக்கோணக் கண்ணாடியையும் துடைத்தேன்.

நவம்பர் 9

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் சமையல் ஆட்கள் நாலு பேர் காரைத் தள்ளித் தெருவுக்குக் கொண்டு வந்தார்கள். மாலை போட்டார்கள். வீடியோக்காரர் எதிரே நின்றார். நல்ல நேரம் முடிந்தால் ராகு காலம் வந்துவிடும் என்று கோவை ஐயா அவசரப்படுத்தினார்.

மூத்தவர் முதலில் என்றார்கள். பெரியவர் ஏறினார், கதவைச் சாத்தினார். சென்னை ஐயா ஏறினார், சாத்தினார். பினாங்கு ஐயா ஏறினார், சாத்தினார். கோவை ஐயா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, கேமராவுக்குக் கையசைத்துவிட்டுக் கதவை இழுத்தார். பொம்மென்று திரும்பி வந்தது. மறுபடி இழுத்தார். உள்ளே மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"மெதுவாடா! காது போச்சு!"

"என் கதவு மட்டும் ஏன் சாத்தல?"

"பஞ்சை அள்ளி அடைச்சா எப்படிச் சாத்தும்?" என்றார் பெரியவர்.

கோவை ஐயா இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். "இப்ப நீங்க திறந்து சாத்துங்க பாப்பம்" என்றார். பினாங்கு ஐயா தன் கதவைத் திறந்தார். கோவை ஐயாவின் கதவு டக்கென்று சாத்திக்கொண்டது. பினாங்கு ஐயாவின் கதவு சாத்தவில்லை.

"என் ரப்பர்! நான் கொண்டாந்த ரப்பர், எனக்கே சாத்தலையா?"

பிறகு சென்னை ஐயா திறந்து பார்த்தார். பிறகு பெரியவர். ஒவ்வொருவர் முறை வரும்போதும் அவர் கதவு மட்டும் சாத்தவில்லை, மற்ற மூன்றும் சாத்தியிருந்தன. ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேரையும் ஒரே மாதிரி பார்த்தார்கள்.

பின்னால் நின்ற சமையல் மாஸ்டர்தான் சொன்னார்: "ஐயா, யாராச்சும் ஒருத்தர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்க. காத்து போனாச் சாத்திரும்."

காருக்குள் நாலு கண்ணாடிக் கைப்பிடிகள் இருந்தன. யாரும் தொடவில்லை.

"நீங்க இறக்குங்கண்ணே" என்றார் கோவை ஐயா.

"நான் மூத்தவன். நான் இறக்குறதா?"

"எனக்குத் தூசி ஆகாது, டாக்டர் சொல்லிருக்காரு" என்றார் சென்னை ஐயா.

"ரப்பர் போட்டதே காத்து வராம இருக்கத்தான். நான் எதுக்கு இறக்கணும்?" என்றார் பினாங்கு ஐயா. "வயிரவா, நீ சின்னவன், நீ இறக்கு."

"எப்பப் பாத்தாலும் சின்னவன்தான் இறங்கணும். மேலவீட்டுக் கல்யாணத்துல முதல் பந்தியில இருந்து என்னை எழுப்பி விட்டீங்களே, அப்பவும் இதைத்தான் சொன்னீங்க."

"அது நடந்தப்ப உனக்கு ஆறு வயசுடா!"

"உங்களுக்கும் மறக்கலல்ல?"

அதன் பிறகு கண்ணாடியைப் பற்றிய பேச்சு இல்லை. யாருடைய அப்பச்சி யாரிடம் சொல்லாமல் தேக்குக் கதவை விற்றார், யாருடைய ஆச்சி யாருக்கு மோர் ஊற்றவில்லை என்று போனது. கண்ணாடிகள் முழுக்க ஏற்றியிருந்ததால் வெளியே சத்தம் கேட்கவில்லை. திறந்த கதவு வழியாக மட்டும் கேட்டது. அது அடிக்கடி மாறிக்கொண்டிருந்ததால், ஒவ்வொரு பக்கமாக நின்றிருந்தவர்களுக்கு ஒவ்வொரு பாகம் கேட்டது. வீடியோக்காரர் சுற்றிச் சுற்றி ஓடினார்.

கடைசியில் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "ஏத்தா, ரப்பர் ஒட்டுனவ நீ. பொதுவா, நியாயமாச் சொல்லு. யாரு இறக்கணும்?"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். தெருவே பார்த்தது. அம்மாவும் பார்த்தாள்.

நான் வாயைத் திறந்தேன். முக்கோணக் கண்ணாடியைத் திறந்தால் போதும், யாரும் எதையும் இறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் மாதிரி யாரும் அடுத்த பெயருக்குப் போய்விடவில்லை. நாலு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நிறைய நேரம் இருந்தது.

தலையாட்டினேன்.

"பாத்தீகளா, பிள்ளையே சொல்லிருச்சு!" என்றார்கள் நாலு பேரும், ஒரே குரலில். இன்றைக்கு அவர்கள் சேர்ந்து சொன்னது அது ஒன்றுதான்.

சென்னை ஐயா முதலில் இறங்கினார். பினாங்கு ஐயா இறங்கி, விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனார். பெரியவர் இறங்கித் துண்டை உதறினார். "கண்ணாடியை இறக்குற குடும்பமா இருந்தா காரைக் கதவு கதவாப் பிரிச்சிருப்பமா?" என்று யாரிடமோ கேட்டார். கோவை ஐயா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் கதவு நன்றாகச் சாத்தியது.

ராகு காலம் வந்துவிட்டது.

சமையல் ஆட்கள் காரைத் திரும்ப ஷெட்டுக்குள் தள்ளினார்கள். அம்மா பின்னாலேயே வந்தாள். முக்கோணக் கண்ணாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நேத்துக் காரைத் துடைச்சியா?"

"துடைச்சேன்."

அம்மா போய்க் கட்டிய மூட்டையைப் பிரித்து, கத்தரிக்கோலை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

நவம்பர் 10

சுவர் நோட்டில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'நாலு கதவுகளும் காற்றுப் புகாமல் அமைந்துள்ளன' என்று எழுதினேன்.

நவம்பர் 12

பெரியவர் பின்வாசல் வழியாக வந்தார். "அம்மாகிட்டச் சொல்லுத்தா. எங்கயும் போக வேணாம். ஷெட்டுலயே இருங்க. அவனுக ஆள விட்டு என் கதவை என்னமும் பண்ணிருவானுக. நீதான் பாத்துக்கணும்."

தலையாட்டினேன்.

சென்னை ஐயா போன் பண்ணினார். பையில் கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டாராம், யாரையும் தொட விடாதே, நீங்கள் அங்கேயே இருங்கள் என்றார். பினாங்கு ஐயாவும் அங்கிருந்து அதையே சொன்னார். இனிமேல் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட ஊருக்கு வர மாட்டாராம்.

நவம்பர் 13

கோவை ஐயா கடைசியாக வந்தார். ஹோட்டல்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்களாம். பலகை மட்டும் செய்தாகிவிட்டது என்று கொண்டு வந்திருந்தார். பித்தளை. நன்றாகப் பளபளத்தது. 'இங்கே ஒரு காலத்தில் ஒரு தாயும் மகளும்' என்று இருந்தது.

"இதை என்ன பண்றது?" என்றார்.

அம்மா வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ரெக்சினை வைத்து வெட்டுவதற்கு அடியில் போட நல்ல கனமான பலகை என்றாள்.

போகும்போது அவர் என்னிடம், "என் கதவைப் பத்திரமாப் பாத்துக்கம்மா" என்றார்.

நவம்பர் 16

மத்தியானம் நல்ல மழை. ஷெட் முழுக்க ஒழுகியது. மிஷின் மேல் தார்ப்பாய் போட்டோம். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். நான் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டேன். மேலிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஓரத்தில்கூட.

மூன்று கதவுகள் சாத்தியிருந்தன. என் கால் பக்கத்துக் கதவை இழுத்தேன், திரும்பி வந்தது. பெரியவர் கதவு.

"கதவைச் சாத்துடி, சாரல் அடிக்குது" என்றாள் அம்மா.

தலைமாட்டில் இருந்த கண்ணாடியை ஒரு சுற்று இறக்கினேன். நாலாவது கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.